மூன்றாம் ஆள் ஏற முடியாத கார்

என் கணவர் அந்தக் காரை வாங்கியபோது அதற்குள் ஒரு மரம் நின்றது. சீமைக்கருவேலம். பிரேக்கை மிதிக்கும் இடத்தில் தகடு இற்றுப்போய் விழுந்திருந்த ஓட்டை வழியே முளைத்து, ஸ்டீயரிங்குக்குள் நுழைந்து, கூரை இல்லாத வண்டி என்பதால் தடையே இல்லாமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. திருச்சுழி ரோட்டில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பஞ்சுப்பேட்டையின் பின்பக்கம் அது கிடந்தது. அரிவாளோடு போய் மரத்தை வெட்டி, டிராக்டர் டிரெய்லரில் வண்டியை ஏற்றி, அருப்புக்கோட்டை டவுனுக்குள் ஊர்வலமாகக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். விறகுக்கா அண்ணாச்சி என்று ஒருவர் கேட்டார். நான் உள்ளே போய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது சீமையிலிருந்து எப்போதோ கப்பலில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். முழங்கால் உயரத்தில் கதவு, நீளமான மூக்கு, இரண்டே இரண்டு இருக்கை. வாங்கியவர் போய்ச் சேர்ந்து, அவர் பிள்ளைகள் வெளியூர் போய், வண்டி வெயிலுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் என்று ஆகிவிட்டது. என் கணவருக்குக் கார் வேலை தெரியாது. எங்களுக்குப் பந்தல்குடி ரோட்டில் போர்வெல் மோட்டார் விற்றுப் பழுது பார்க்கும் கடை. கிணற்றுக்குள் ஓடினாலும் ரோட்டில் ஓடினாலும் மோட்டார் மோட்டார்தான் என்பது அவர் கட்சி. ஆறு மாதத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். நான் அவரைக் கரித்துக்கொட்டிய கதையை எழுதினால் இந்தக் காகிதம் போதாது.

கழற்றுவதற்குப் பதினோரு நாள்தான் ஆனது. ஒரு திருகாணி மிச்சமில்லாமல் கழற்றினார். கழற்றியதை எதில் போட்டு வைப்பது என்ற கேள்வி வந்தபோது என்னிடம் கேட்கவில்லை, பரணில் ஏறினார். என் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் அங்கேதான் இருந்தன. சம்படம், தூக்குவாளி, அடுக்கு, கேரியர் என்று மூடி போட்டதாகப் பார்த்து இருபத்தேழு. ஒவ்வொன்றிலும் என் அப்பா பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருக்கும். அவ்வளவையும் இறக்கி, கதவு போல்ட்டு ஒன்றில், கியர் பெட்டி போல்ட்டு ஒன்றில் என்று பிரித்து, எண்ணெய் ஊற்றி, எது எங்கே இருந்தது என்று படம் வரைந்த துண்டுச் சீட்டையும் உள்ளே போட்டு மூடி, முன்னறைச் சுவரோரம் வரிசையாக அடுக்கிவிட்டார். சோபா மாடிக்குப் போனது. விருந்தாளி வந்தால் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஆறு மாதம் மூன்று வருடமானது. தரைத்தகடு முழுக்கப் புதிதாக அடித்தார், அளவு பிசகிக் கதவு மூடவில்லை, பிரித்து மறுபடி அடித்தார். கண்ணாடிச் சட்டம் சீமையிலிருந்து வந்தது, அது வேறு வருடத்து வண்டிக்கு உரியது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, கற்றதைப் பாதி மறந்து, மறுபடி பார்ப்பார். கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அதே வேலை. தைக்கக் குடுத்த சீட்டை வாங்கப் போறேன், விருதுநகர் வாரியா என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். உங்கள் இரும்போடு நீங்களே போங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் போனது பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால்.

அன்றைக்குத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தது. வீட்டுச் சாமான் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிட்டது. பொங்கல் சீர் கொண்டுவர என் தம்பி வருவான். கரும்பும் மஞ்சள்கொத்தும் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்ததும் அவன் கண்ணில் முதலில் படப்போவது, எங்கள் அப்பா பெயர் வெட்டிய பாத்திரங்களில் கறுப்பு எண்ணெய். இரண்டு பொங்கலுக்கு அவற்றின்மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி மறைத்திருந்தேன். இந்த வருடம் எனக்குப் பொறுக்கவில்லை. காலியாகி நின்ற பெரிய பெயின்ட் வாளி ஒன்றை இழுத்து வைத்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, இருபத்தேழையும் அதில் கொட்டினேன். எண்ணெய் பிடித்த துண்டுச் சீட்டுகளைக் குப்பையோடு சேர்த்து எரித்தேன். பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தேன். அப்பா பெயர் பளிச்சென்று தெரிந்தது. ஒரே வாளியில் எல்லாம் அடங்கிவிட்டது, எவ்வளவு சுத்தம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் மத்தியானம் இரண்டு சிவப்பு இருக்கைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். முற்றத்தில் கவிழ்ந்திருந்த பாத்திரங்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா?" என்றார்.

நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். ரசம் கேட்டு வாங்கினார்.  பொங்கலுக்கு வந்த தம்பி பாத்திரங்களைப் பார்த்து, அக்கா புதுசு மாதிரி வைத்திருக்கிறாய் என்றான்.

மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் அவர் ஒரு சாக்கை விரித்து, வாளியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். அந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், ஆனால் மரை நெருக்கமானது ஒரு ரகம், அகலமானது ஒரு ரகம், அதில் நீளம் வேறு, தலை வேறு. மாற்றி முறுக்கினால் மரை போய்விடும், அந்த இடமே கெட்டுவிடும். சீப்பு போலப் பல் உள்ள ஒரு சின்னத் தகட்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்ப்பார். துண்டுச் சீட்டுகளும் இல்லாததால் எது எங்கே என்பதை வண்டியின் ஓட்டைகளில் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. பரணிலிருந்து பாத்திரங்களை நானே இறக்கிக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தேன். அந்தச் சீப்பை என் கையில் கொடுத்தார்.

தை தொடங்கி ஆடி வரைக்கும் உட்கார்ந்தோம். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்தது கிடையாது. எனக்குக் கை பழகிவிட்டது. விரலால் தடவியே நெருக்கமா அகலமா என்று சொல்லிவிடுவேன். அவர் சீப்பை வைத்துச் சரிபார்த்துவிட்டு, "ஏய், கடையில வந்து உக்காரு, சம்பளம் தாரேன்" என்பார். ஒருநாள்தான் கேட்டேன், எத்தனையோ வண்டி இருக்க இந்த மொட்டை வண்டி மேல் ஏன் இப்படி ஒரு ஆசை என்று.  கையில் இருந்த போல்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்யாணம் முடிஞ்ச மறுநா திருச்சுழி கோயிலுக்குப் போனமே, நெனப்பிருக்கா? பஸ்ஸுல உன்னோட எங்க அம்மா, எந்தங்கச்சி, சித்தி, அவுக பிள்ளைக. அப்புறம் கார் வாங்கினோம், அதுலயும் ஏழு பேரு. இன்னிக்கு வரைக்கும் நாம ரெண்டு பேரா எங்கயும் போனதில்ல. இதுல மூணாவது ஆளு ஏற முடியாது பாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு முப்பத்தொரு வருடமும் ஒரு துருப்பிடித்த காரும் வேண்டியிருந்ததே என்று கோபமும் வந்தது. திருச்சுழிக்கு ஓட்டுகிற அன்றைக்கு எனக்கு மஞ்சள் பட்டு வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ஆவணியில் இஞ்சின் ஓடியது. வண்டிக்குள் இல்லை, முற்றத்தில் இரும்புச் சட்டத்தின் மேல். பால் பொங்கும் நேரம்கூட இருக்காது, வீடெல்லாம் புகை, அணைந்துவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கை மாட்டினோம். இடது பக்கத்து இருக்கையை முதலில் மாட்ட வேண்டும் என்றார். நாலு போல்ட்டு, நெருக்கமான மரை, என் பச்சை மூடித் தூக்குவாளியில் இருந்தவை. நான் எடுத்துக் கொடுக்க அவர் முறுக்கினார். உட்கார்ந்து பார் என்றார். சக்கரம் இல்லாமல் கட்டைகளின் மேல் நின்ற கூட்டுக்குள், ஸ்டீயரிங்கும் இல்லாத வண்டியில், நைட்டியோடு ஏறி உட்கார்ந்தேன். எப்படி இருக்கு என்றார். முதுகு நோகாது என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருடைய இருக்கையை மறு ஞாயிறு மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

புதன்கிழமை கடையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், காரியாபட்டி தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். அங்கேயும் நாங்கள் தனியாக இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் லேத் பட்டறைக்காரரும் ஒருவர். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர், தேய்ந்துபோன பாகங்களை எல்லாம் அவர்தான் கடைந்து கொடுத்தார். தரையில் உட்கார்ந்து சுவரோரம் இருந்த பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சித்திரைக்கே ஓட்டியிருப்பாக மதினி. அவுகளே கைதவறி எல்லா டப்பாவையும் ஒண்ணாக் கொட்டிட்டாகளாம்ல. 'என் கவனப்பிசகு, ஆறு மாசம் போச்சு'ன்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக."

சுற்றி என் தம்பி, நாத்தனார், கடைத்தெரு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆறு மாதத்தை அவர் ஊர் முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அவர் இருக்கும்போதே ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். போல்ட்டுப் பொறுக்கியதே மன்னிப்புக் கேட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. நான் கொட்டாமல் இருந்திருந்தால் திருச்சுழிக்குப் போயிருப்போம். கொட்டியதால்தான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். 

வண்டியை முடித்துத் தர முடியுமா என்று லேத்காரரிடம் கேட்டேன். நேர்மையான மனுஷன், முடியாது என்று சொல்லிவிட்டார். பெங்களூரிலிருக்கும் மகள் போனில் பேசி, பழைய கார்களைச் சரிசெய்து வைத்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பிடித்தாள். அவர் மார்கழியில் வந்தார். வயதானவர், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். உங்கள் வீட்டுக்காரர் நல்ல வேலை செய்திருக்கிறார் அம்மா என்றார். அந்தத் தரைத்தகட்டை அவர் தடவிப் பார்த்ததைப் பார்த்துத்தான் சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

லாரியும் லோடு ஏற்ற இரண்டு ஆட்களும் வந்தார்கள். உதவிக்கு லேத்காரரும் வந்திருந்தார். கூட்டைக் கப்பி போட்டு ஏற்றினார்கள், இஞ்சினை ஏற்றினார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தால், ஒருவர் சாக்கைப் பிரித்துப் பிடிக்க, இன்னொருவர் பச்சை மூடித் தூக்குவாளியைச் சாய்க்கிறார். பாத்திரம் வீட்டுப் பாத்திரம், நல்ல பாத்திரம், அதை விட்டுவிட்டுப் போகலாம் என்ற நல்லெண்ணம்தான்.

"கொட்டாதீங்க," என்றேன். நான் போட்ட சத்தத்தில் அந்த ஆள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டார்.  தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூர்க்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். லேத்காரர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அன்னிக்குக் கொட்டினது அவுக இல்ல," என்றேன். "நாந்தான் கொட்டினேன்."

 லேத்காரர் போய் ஒவ்வொரு பாத்திரமாக மூடியை அழுத்தி மூட ஆரம்பித்தார். பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று நான் சொன்னபோது, பெயர் வெட்டியிருக்கிறதே, சீர்ப் பாத்திரம் அல்லவா என்று கோயம்புத்தூர்க்காரர் தயங்கினார். ஆமாம், அதற்குள்தான் இருக்க வேண்டும் என்றேன். இருபத்தேழையும் இரண்டு கூடையில் அடுக்கினோம். லாரிமேல் ஏறி நின்ற ஆள், இதை எங்கே வைப்பது என்று கேட்டார்.

"இடது பக்கத்துச் சீட்டுல," என்றேன். அந்த வண்டியில் மாட்டியிருந்தது அது ஒன்றுதான்.

கயிறு போட்டுக் கட்டினார்கள். தெருமுனையில் லாரி மதுரைப் பக்கம் திரும்பியது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது, இடது பக்கம் திரும்ப வேண்டும்.