கலையரசி தோற்பதைப் பார்க்கப் போன பயணம்

சனிக்கிழமை விடியும் நேரத்தில் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த பேருந்து. டிக்கெட் நானூற்று இருபது ரூபாய். பண்ருட்டியைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக வந்த பலாப்பழ வாசனையில் பாதித் தூக்கம் கலைந்தது. மீதித் தூக்கத்தோடுதான் தரையில் கால் வைத்தேன்.

மச்சான் செந்தில் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். என் மனைவியின் தம்பி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். டென்னிஸ் ஆடத் தெரியாது, ஆனால் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டான். பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டே சொன்னான்.

"இந்த வாட்டி கண்டிப்பா நடக்கும் மாமா. அந்தம்மா தோக்கப் போறாங்க."

அந்தம்மா என்றால் கலையரசி. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். படித்து அரசு வேலைக்கு வந்தவர். வயது நாற்பதைத் தொடப்போகிறது. கடலூர், சிதம்பரம் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் செம்மண் தளத்தில் ஒரு போட்டி நடத்துகிறார்கள். அரையிறுதி கடலூரில், இறுதி சிதம்பரத்தில். பெண்கள் பிரிவில் கலையரசி ஒன்பது வருஷமாகத் தோற்றதில்லை. சிமெண்டுத் தளத்தில் ஆடினால் அவரும் எல்லோரையும் போலத்தான் என்பார்கள். செம்மண்ணில் இறங்கிவிட்டால் வேறு ஆள்.

ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆட்டம் முடிந்ததும் செந்தில் எனக்குப் போன் செய்து புலம்புவான். "யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சிகிட்டு எதுக்கு மாமா வெயில்ல உக்காரணும்?" என்பான். அடுத்த வருஷம் முதல் ஆளாகப் போய் உட்காருவான். கலையரசிக்கு எதிரில் யார் நின்றாலும் அவன் அவர்கள் கட்சி. நானும் வார இறுதியில் ராக்கெட் பிடிக்கிறவன் என்பதால் இந்தக் கோடையில் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்தேன்.

குளித்து இட்லி சாப்பிட்டதும் திருவந்திபுரம் கூட்டிப்போனான். ஆறு கிலோமீட்டர். கெடிலம் ஆற்றில் தண்ணீர் இல்லை, வெளுத்த மணல்தான் கிடந்தது. கோயிலில் புதுமாப்பிள்ளைகளும் மொட்டைத் தலைகளுமாக நல்ல கூட்டம். செந்தில் தேவநாதப் பெருமாள் முன்னால் நீண்ட நேரம் கண்ணை மூடி நின்றான். வெளியே வந்ததும் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அந்தம்மா நல்லா இருக்கணும், ஆனா தோக்கணும்னு."

மாலை நான்கு மணிக்கு மஞ்சக்குப்பத்தில் அரையிறுதி. காலையிலேயே தளத்துக்குத் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, கோணிப்பை இழுத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். மண் மங்கிய குங்கும நிறத்தில் இருந்தது. கடற்காற்று அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. ஒரு பக்கம் நாற்காலிகளில் அலுவலகக்காரர்கள், வக்கீல்கள், செந்தில் மாதிரிக் கடைக்காரர்கள். எதிர்ப்பக்கம் தார்ப்பாயில் தேவனாம்பட்டினத்துப் பெண்கள் இருபது பேர் இருக்கலாம். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் ராணி. கலையரசியின் அண்ணி, மீன் வியாபாரம் செய்பவர்.

கலையரசி சின்ன உருவம். நடையில் அவசரமே இல்லை. ஆட்டம் தொடங்கிய பிறகும் அவர் ஓடுவதாகவே தெரியவில்லை. மூலைக்குப் போகிற பந்தை நோக்கி ஒரு கால் சறுக்கும், பின்னால் ஒரு கோடு விழும், பந்து திரும்பிப் போயிருக்கும். அவர் அடித்த பந்து மண்ணில் பட்டு எழும்போது எதையோ யோசிப்பதுபோல ஒரு கணம் தயங்கும். எதிரில் நின்ற பெண் அந்தத் தயக்கத்தை நம்பி முன்னால் வருவாள். அதற்குள் பந்து தோளுக்கு மேலே எகிறிவிடும். காற்றில் மெலிதாகச் செந்தூசி மிதந்துகொண்டே இருந்தது. தூக்கம் பாக்கி இருந்ததாலோ என்னவோ, நான் ஏதோ நீருக்கு அடியில் நடக்கிற காட்சியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

6-0, 6-1. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தார்ப்பாயில் குலவைச் சத்தம். நாற்காலிப் பக்கத்தில் அரைமனசாகக் கைதட்டல். பின்வரிசையில் ஒருவர், "சீரியல் மாதிரி ஆயிடுச்சுப்பா, முடிவு முன்னாடியே தெரியுது" என்றார். சிலர் சிரித்தார்கள்.

வெளியே டீக்கடையில் ராணி எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, இந்த வாட்டியும் சாமிகிட்ட வேண்டிகினியா?"

"ஆமாக்கா. பாண்டிச்சேரிப் பொண்ணு ஜெனிட்டா ஃபைனலுக்கு வந்திருக்கு. சின்னப் பொண்ணு, செம அடி. நாளைக்குப் பாருங்க."

"பாக்கறேன் பாக்கறேன். வேன் பேசிகிறோம், கிள்ளை வழியா போறோம். எதிரியா இருந்தாலும் எடம் தர்றேன். ஆளுக்கு நூத்தம்பது, மாமாவையும் கூட்டிகினு வா."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேன் கிளம்பியது. நேராகப் போனால் சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும் இருபுறமும் சவுக்குத் தோப்புகள் வந்தன, அவற்றுக்கு இடையில் கடல் இருக்கிறது என்று நினைக்க வைக்கிற ஒரு வெளிச்சம். பி.முட்லூருக்குப் பிறகு வேன் கிள்ளைப் பக்கம் திரும்பியது. அங்கே ராணியின் அக்கா வீடு. கலையரசி முந்தின இரவே வந்து அங்கே தங்கியிருந்தார்.

பெண்கள் சமையலில் இறங்கியதும் நான் உப்பங்கழியைப் பார்க்க நடந்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. தூரத்தில் சுரபுன்னைக் காடு தன் நிழலோடு ஒட்டி இரண்டு காடாகத் தெரிந்தது. கரையில் கட்டியிருந்த படகின் விளிம்பில் கலையரசி உட்கார்ந்திருந்தார். கால்கள் தண்ணீரில். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"செந்திலோட மாமாவா? கோயம்புத்தூருன்னு அண்ணி சொன்னாங்க. உங்க மச்சான் என்னைக்கும் ஆப்போசிட் சைடு."

நான் அசடு வழிந்தேன். அவர் சிரித்தார்.

"பரவால்ல சார். அவரு ஒருத்தராச்சும் சத்தம் போடறாரு. மத்தவங்க எல்லாம் கொட்டாவி விடறாங்க."

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். போட்டி நடத்தும் குழுவின் செயலாளர் போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். அடுத்த வருஷத்திலிருந்து கலையரசி ஆட வேண்டாம், சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார்ந்து பரிசு கொடுத்தால் போதும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். புதுப் பெண்களுக்கு ஊக்கம் வரவேண்டுமாம். சாம்பியன் இருக்கும்வரை யாரும் பேர் கொடுக்க மாட்டேன் என்கிறார்களாம்.

"அவரு சொல்றதும் தப்பில்ல. கூட்டம் கொறஞ்சுதான் போச்சு. நான் யோசிச்சு சொல்றேன்னுட்டேன்."

"யோசிச்சீங்களா?"

"விருந்தாளிக்கு மாலை போடுவாங்க சார். பந்து போட மாட்டாங்க." காலால் தண்ணீரை அளைந்துகொண்டே சொன்னார்: "எனக்கு ஜெயிக்கறது ஒண்ணும் பெருசில்ல. ஆபீஸ்லயும் வீட்லயும் நாள் பூரா அவசரம். அந்த மண்ணுல மட்டுந்தான் எனக்கு டைம் ஜாஸ்தியா கெடைக்குது."

ஒரு நீர்க்காகம் தண்ணீரில் மூழ்கி வெகு தூரம் தள்ளி எழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

வேனில் ஏறியதும் செந்திலிடம் இதைச் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நல்ல யோசனைதான மாமா" என்றான். ஆனால் வழக்கமான வேகம் குரலில் இல்லை.

சிதம்பரம். மாலை மூன்றரை. வெயில் சாயத் தொடங்கிக் கோபுரங்கள் பொன்னிறமாகத் தெரிந்தன. இங்கேயும் ஒரு பக்கம் நாற்காலிகள், எதிர்ப்பக்கம் தார்ப்பாய்; கடலூரைவிடக் கூட்டம் அதிகம். கலையரசி தோற்கலாம் என்ற பேச்சு பரவியிருந்தது. ஜெனிட்டா உயரமான பெண், கல்லூரி மாணவி. அவள் அடித்த முதல் பந்திலேயே வேலி அதிர்ந்தது.

முதல் செட் ஜெனிட்டாவுக்கு, 6-4. நாற்காலிப் பக்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. தார்ப்பாயில் ஒரு சத்தமும் இல்லை. ராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் செந்திலைப் பார்த்தேன். ஒன்பது வருஷம் காத்திருந்தது கண்முன்னால் நடக்கிறது. அவன் கைதட்டவில்லை.

"என்ன மச்சான்?"

"அவுங்க சறுக்கும்போது வலது கால் லேசா இழுக்குது மாமா. போன வருசம் இப்டி இல்ல."

நான் கவனிக்காத ஒன்று. அவரை இத்தனை வருஷம் இவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்று அப்போது தோன்றியது.

இரண்டாவது செட்டில் கலையரசி பந்தை இன்னும் மெதுவாக்கினார். உயரமாக, ஆழமாக, மீண்டும் மீண்டும். ஜெனிட்டாவின் பொறுமை உதிரத் தொடங்கியது. 6-3. மூன்றாவது செட்டில் நிழல்கள் தளத்துக்குக் குறுக்கே நீண்டன. இருவரின் வெள்ளைக் காலுறைகளும் முழங்கால்வரை சிவந்திருந்தன. ஒரு புள்ளிக்கே பந்து இருபது முப்பது முறை போய்வந்தது. இருநூறு பேரின் தலையும் பந்தோடு திரும்பியது. கொட்டாவி விட ஒருவர்கூட இல்லை. 5-5. பிறகு ஜெனிட்டா 6-5 என்று முன்னேறினாள். அடுத்த கேமில் அவளுக்கு வெற்றிப் புள்ளி வந்தது. இன்னும் ஒரே ஒரு பந்து.

நீண்ட பரிமாற்றம். ஜெனிட்டா ஓங்கி அடித்த பந்து கலையரசியின் பின்கோட்டருகே விழுந்தது. அவர் அதைத் தொடவில்லை. கோட்டு நடுவர் கையைத் தூக்கினார்: "அவுட்!"

அந்தச் சத்தத்துக்கு மேலே எனக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு சத்தம். செந்தில் நாற்காலி மேலேயே ஏறியிருந்தான்.

"அவுட்டு! அவுட்டு! நான் பாத்தேன், அவுட்டு! விடாதிங்கக்கா, ஆடுங்க!"

அக்கா என்று அவன் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அதுவரை அவனுக்கு அவர் அந்தம்மாதான்.

செம்மண்ணில் ஒரு வசதி உண்டு. பந்து விழுந்த இடத்தில் தடம் இருக்கும். ஜெனிட்டா வலைக்கு அருகில் நின்று அந்த இடத்தையே பார்த்தாள். நாற்காலியிலிருந்து முதன்மை நடுவர் இறங்க எழுந்தார். அதற்குள் கலையரசி நடந்து போய், குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். காலணியின் அடியால் தடத்தை ஒருமுறை தேய்த்து அழித்தார். பந்து கோட்டைத் தொட்டிருக்கிறது, புள்ளி உன்னுடையது என்று அதற்கு அர்த்தம். பிறகு கையை நீட்டிக்கொண்டு வலையை நோக்கி வந்தார்.

கூட்டத்துக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. புரிந்த பிறகும் யாரும் கைதட்டவில்லை. அவர் தோற்பதைப் பார்க்க வந்தவர்கள் அவ்வளவு பேரும் எதையோ கை தவறிப் போட்டுவிட்டவர்களைப் போல நின்றார்கள். ஜெனிட்டா அந்த அமைதியைப் பார்த்து மிரண்டாள். கலையரசிதான் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, தார்ப்பாய்ப் பக்கம் திருப்பினார்.

"அண்ணி! புள்ள ஜெயிச்சிருக்கு. குலவை போடுங்க!"

ராணி அழுதுகொண்டே குலவையிட்டார். அதன் பிறகுதான் மைதானம் வெடித்தது.

பரிசளிப்பு. செயலாளர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சகாப்தத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். இரண்டாம் பரிசை வாங்கிய கலையரசி, அவர் கையிலிருந்த மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ஒரே ஒரு டவுட்டு சார். சாம்பியன் ஆடக் கூடாதுன்னு சொன்னீங்க. இப்ப நான் சாம்பியன் இல்ல. அடுத்த வருசம் பேர் குடுக்கலாம்ல?"

செயலாளர் மறுபடி வேட்டியைச் சரிசெய்தார். ஜெனிட்டா கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைக் பக்கம் சாய்ந்தாள்.

"அவுங்க வரலன்னா நானும் வரல சார்."

விசில் பறந்தது. முதல் விசில் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. செயலாளரும் கடைசியில் சிரித்துவிட்டார். "வாங்கம்மா, ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

கடலூர் திரும்பும் வேனில் எல்லோரும் களைத்திருந்தோம். வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது மேற்கே வானம் முழுக்கச் சிவந்திருந்தது. கோயம்புத்தூரில் நான் ஆடுவது நீலம் பூசிய சிமெண்டுத் தளத்தில். அங்கே பந்து வரும், போகும். விழுந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். நன்றாக ஆடுகிறவர்களை நாங்கள் அண்ணாந்து பார்க்கிறோம், அல்லது பார்க்காமல் விட்டுவிடுகிறோம். ஒரு ஆளை இத்தனை வருஷம் எதிர்த்து, அந்த எதிர்ப்பாலேயே அவரோடு உறவாகிவிடுகிற ரசிகர்களை அங்கே நான் கண்டதில்லை.

முன் இருக்கையில் கலையரசி ஜன்னலில் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். வலது காலை நீட்டி ராணியின் மடியில் வைத்திருந்தார். ஆலப்பாக்கம் அருகே குறுக்கே வந்த மாடுகளுக்காக ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார். செந்தில் எழுந்து, குனிந்தபடியே முன்னால் போய், ஓட்டுநரின் காதருகில் சொன்னான்.

"ஹாரன் அடிக்காதிங்கண்ணே. மாடு மெதுவா போவட்டும். அக்கா தூங்குறாங்க."

வேன் நின்றது. மாடுகள் அவசரமில்லாமல் சாலையைக் கடந்தன.