அவனுக்கு முப்பத்தைந்து, எனக்குப் பத்து

ஜலகண்டாபுரத்தில் நானும் அவனும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் தறி ஓட்டினோம். ஒருநாள் நூல் சுற்றிய கனத்த இரும்பு உருளையான பாவு பீமை வண்டியிலிருந்து இறக்கும்போது அது நழுவி, ஆளுக்கொரு முனை பிடித்திருந்த எங்கள் இருவரின் வலது கையையும் தரையோடு நசுக்கியது. ஒரே பீம், ஒரே கூலி. வயதும் ஒன்றுதான். நஷ்டஈட்டுக்குச் சேலம் தொழிலாளர் அலுவலகத்தில் ஒன்றாகவே மனுப் போட்டோம். கை எத்தனை சதவீதம் போயிற்று என்று டாக்டர் எழுதித் தருவதில்தான் தொகை கூடும், குறையும்.

பரிசோதனைக்கு முதலில் அவன் போனான். விரல்கள் பாதிதான் மடங்கின. டாக்டர் உச்சுக் கொட்டினார். பின்னால் நின்ற எனக்கு, சொன்னால் வெட்கம், உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மூன்று மாதமாக ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி நான் என் கையை அவன் கையைவிடத் தேற்றி வைத்திருந்தேன். என் முறை வந்ததும் டாக்டர் இரண்டு விரலை நீட்டி, "முடிஞ்ச அளவு இறுக்கிப் பிடிங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். வலி தோள்வரை ஏறியது.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"பரவாயில்லையே" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அவனுக்கு முப்பத்தைந்து சதவீதம் எழுதினார். எனக்குப் பத்து.

"நஷ்டஈடு கேக்கப் போன எடத்துல பலத்தைக் காட்டீட்டு வந்திருக்கறீங்களே, உங்களைய என்னன்னு சொல்றது" என்றாள் மனைவி. எனக்கு வந்தது ஆஸ்பத்திரிக் கடனுக்கே சரியாகப் போயிற்று. அவன் வீட்டில் சொந்தமாக இரண்டு தறி வந்து இறங்கியது.

வயிறு எரிந்தது. அவன் நடித்துத்தான் வாங்கினான் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், எங்கே பார்த்தாலும் என் கண் அவன் வலது கைமேல்தான் இருக்கும். என்றாவது மறந்துபோய் அதை நீட்டுவான், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் அத்தனை சனத்துக்கும் நடுவே இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். தலை நிமிரவே இல்லை. அப்போதும் எனக்கு மனசு இறங்கவில்லை. பணம் வந்தவன் எந்தக் கையால் தின்றால் என்ன என்று நினைத்தேன்.

கூடத்தில் என் தறிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். வேலையில்லாமல் இருந்தபோது அவனே வீடு தேடி வந்தான்.

"ஏப்பா, தறி வாங்கிப் போட்டுட்டனே தவிர, நூல் அறுந்தா எனக்கு முடிச்சுப் போட வரமாட்டேங்குது. நீ வந்து ஓட்டித் தாரியா? கூலி என்னமோ அதைக் குடுத்தர்றேன்."

அவனிடம் கூலிக்குப் போவதா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் போனேன். முதல் நாளே நூல் அறுந்தது. தறியை நிறுத்தி, குனிந்து முடிச்சுப் போட்டேன். விரல் விண்ணென்று தெறித்தது. நிமிர்ந்தால் பக்கத்தில் அவன். தறியைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் நான் அவனைப் பார்த்தது அப்படித்தான். அடுத்த நூல் அறுந்ததும், அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று, வலியைக் காட்டிக்கொள்ளாமல் இன்னும் வேகமாகக் கட்டினேன்.