மூன்றாம் வார்த்தை

கிருஷ்ணகிரியிலிருந்து கிரேஸ் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலையில டீ குடிச்சாங்க, படுத்தாங்க, அவ்ளோதான்." எண்பதுகளில் ஓசூர் சபையில் இருந்த உங்கள் எல்லோருக்கும் நம் பாஸ்டரம்மாவைத் தெரியும். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பாஸ்டர் குடும்பம் குடியிருந்த குருமனைக் கதவு விடிந்ததிலிருந்து திறந்தே கிடக்கும். ஷிப்டு முடிந்து வரும் பையன்கள், சண்டையோடு வரும் புருஷன் பெண்டாட்டி, ஜூஜுவாடி கம்பெனிகளில் வேலை தேடி வந்தவர்கள், எல்லோருக்கும் அங்கே டீ உண்டு. பாஸ்டரம்மாவின் இடுப்பில் இரண்டு வயது ஜோயல், முந்தானையைப் பிடித்தபடி கிரேஸ். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுதான் யாராவது, "அம்மா, ஒரு ஜெபம்" என்று வந்து நிற்பார்கள். பாதியில் எழுந்துவிடுவார். "மிச்ச நேரத்துலதான் நான் அம்மா" என்று சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் தியானிப்பது நம் சபை வழக்கம். சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றிய மூன்றாம் வார்த்தை எப்போதும் பாஸ்டரம்மாவுக்குத்தான். அந்த வருஷம் முந்தின நாளே ஜோயலுக்குக் காய்ச்சல். "நான் இன்னிக்கு வூட்லயே இருந்துக்கறனே" என்று அவர் கெஞ்சியது என் காதில் விழுந்தது. "சபை என்ன சொல்லும் எஸ்தர்?" என்றார் பாஸ்டர். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்று மணி நேரம் கோயிலில் உட்கார முடியாது. பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆராதனை நடுவில் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. அள்ளிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓடினேன். வாசலில் நின்ற சபை மூப்பர் கையை நீட்டி மறித்தார். "அம்மா இப்பதான் பேச எழுந்தாங்க. முடியட்டும், செத்த பொறு." மகன் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற தாயைப் பற்றிப் பாஸ்டரம்மா பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது. பாவி மனுஷன், என் கையில் கிடந்த பிள்ளையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு பாய்தான் டெம்போவை எடுத்தார். "ஏறும்மா, யாரையும் கேட்டுனு நிக்காத" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் பிள்ளைக்கு என் மடியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. ஆராதனை முடிந்த பிறகே பெற்றவளுக்குச் சொன்னார்கள்.

ஈஸ்டர் காலையில் வெள்ளைப் புடவை கட்டி, வழக்கம்போல் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "என்ன விசுவாசம்!" என்று வியந்தீர்கள். இன்றைக்கும் அதையே சொல்கிறீர்கள். மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். "விசுவாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல சரோஜா. வூட்ல இருந்தா ஜெபிக்க வந்துடறாங்க. வர்றவங்களுக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குது. அழறதுக்கு எனக்கு ஒரு எடம் குடு கண்ணு."

என் சமையலறைக்குள் அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். அழுது முடித்து அவரே கதவைத் திறக்கும்வரை நான் எழவில்லை. ஊத்தங்கரைக்கு மாற்றலாகிப் போகும்வரை அப்படி வந்துகொண்டிருந்தார். மூப்பரை மன்னித்துவிட்டதாகக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். என்னிடம், "அந்த ஆளப் பாத்தாலே வயிறு எரியுது" என்றார். மூன்றாம் வார்த்தையைப் பிறகு அவர் பேசவே இல்லை. காய்ச்சல் பிள்ளையோடு எவளாவது கோயிலில் உட்கார்ந்திருந்தால், "எழுந்து வூட்டுக்குப் போ. கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு" என்று கையைப் பிடித்து வெளியே அனுப்புவார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கிரேஸும் இப்போது ஒரு பாஸ்டரின் மனைவி. பெட்டியருகே கண் கலங்காமல் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா மாதிரியே விசுவாசம்" என்றார்கள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குள் தள்ளி, கதவை இழுத்துச் சாத்தி, குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாலைந்து பேர் ஜெபிக்க வந்தார்கள்.

"அப்புறம் வாங்க" என்றேன். "பொண்ணு அழுதுட்டிருக்குது."