அந்தப் பெனால்டியும் ஜெயமேரி அக்காவும்

1. விசில் ஊதிய பிறகு

திண்டிவனத்தில் வருஷா வருஷம் நடக்கும் எங்கள் கால்பந்துப் போட்டியின் ஃபைனலில், உள்ளூர் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் பெனால்டி கொடுத்தால் என்ன ஆகும்? கொடுத்த ரெஃப்ரீ நான்தான் என்பதால் எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. எதிரணியான பொம்மையார்பாளையத்துப் பையன் அடித்த பந்தை எங்கள் ஊர் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கோல் பாக்ஸுக்குள் கையால் தட்டினான். தெரியாமல் பட்டதெல்லாம் இல்லை, வாலிபால் ஆடுகிற அழகில் தட்டினான். விசில் ஊதி பெனால்டி ஸ்பாட்டைக் காட்டினேன்.

கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

"யோவ் ரெஃப்ரீ, நீ இந்த ஊர்லதான குடியிருக்கிற?" என்று ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். நான் வேலை பார்த்த பார்சல் ஆபீஸ் வாசலில் தினமும் என்னோடு டீ குடிப்பவர் அவர்!

எதிரணிக் கோச் தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "கப்பும் வேணா, ஒண்ணும் வேணா சார். புள்ளைங்கள முழுசா வூட்டுக்கு இட்டுக்கினு போனா போதும். இனிமே இந்த ஊருக்கு வரமாட்டோம்."

ஒரு அணி இப்படிப் போனால் ஒலக்கூர், விக்கிரவாண்டி என்று எல்லா அணியும் பின்வாங்கிவிடும். என் அப்பா காலத்திலிருந்து நடக்கும் போட்டி என் விசிலோடு முடிந்துவிடுமோ என்று பயந்தேன்.

2. சோறு போட்ட தெரு

இங்கே எங்கள் போட்டியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் வெளியூர் அணிகள் காலை பாசஞ்சரில் வந்து இறங்கும். சாப்பிட நல்ல கடை கிடையாது. அதனால் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தெரு மதியச் சோறு போட்டது. இன்று பைபாஸ் நெடுக பிரியாணிக் கடைதான். ஆனாலும் அந்த வழக்கத்தை யாரும் விடவில்லை. சோறு போட்ட தெரு அன்றைக்கு அந்த அணியின் பக்கம். உள்ளூர் அணியோடு மோதினாலும் அப்படித்தான்.

அன்று பொம்மையார்பாளையத்துக்குச் சோறு போட்டது மாதா கோயில் தெரு. கடற்கரைப் பிள்ளைகளுக்கு மீன் குழம்பு வைத்து மானம் போக வேண்டாமென்று கறிக்குழம்பு வைத்திருந்தார்கள். சமையலுக்குத் தலைமை, டிபன் கடை ஜெயமேரி அக்கா. அவர் மகன் ஸ்டீபன்தான் எங்கள் ஊர் கோல்கீப்பர்.

3. அக்கா உள்ளே வந்தார்

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர். நேராகக் கோச்சின் எதிரில் போய் நின்றார்.

"எங்க போறீங்க? நில்லுங்க."

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்தப் புள்ளைங்க மத்தியானம் எங்க கையால சாப்ட்டுட்டு வந்துகிதுங்க. எவன்டா மேல கைவைக்கிறது? வைங்கடா, பாக்கலாம்."

எவனும் வைக்கவில்லை. என் சட்டையைப் பிடித்திருந்தவர் அதை நீவிவிட்டு நழுவினார்.

ஸ்டீபன் மட்டும் முறைத்தான். "யம்மா, பெனால்டி எனக்கு எதிரா அடிக்கப் போறாங்க. தெரிஞ்சிக்கினுதான் பேசுறியா?"

"தெரியும்டா. ஜல்தியா போய் கோல்ல நில்லு. புடிக்க முடிஞ்சா புடி."

கூட்டம் கோட்டுக்கு வெளியே போனது. பையன் அடித்தான். ஸ்டீபன் சரியான பக்கம்தான் பாய்ந்தான். பந்து விரலில் உரசி உள்ளே போய்விட்டது.

கப் கொடுத்து முடிந்ததும் அக்காவைத் தேடிப் போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "உங்க பையன் தோத்துட்டானேக்கா" என்றுதான் சொல்ல வந்தது.

அவர் காலி அண்டாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். "அவன் தோத்தாலும் வூட்டுக்கு வந்துருவான் சார். அந்தப் புள்ளைங்க மனசு நொந்து போனா, மறுபடி வருமா?"

அடுத்த வருஷம் அவர்கள் வந்தார்கள். மற்ற அணிகளும் வந்தன. விசிலை ஒழுங்காக ஊதினால் போட்டி தானாக நடந்துவிடும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போதெல்லாம் டாஸ் போடுமுன் சோறு போட்ட தெருக்காரர்கள் நிற்கும் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறேன். புது லைன்ஸ்மேன்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒருநாள் கடைசி நேரத்தில் பெனால்டி வரும்.