லிஜா மாட்டிய பின்சீட் பெல்ட்

லிஜாவை முதன்முதலில் பார்த்த அன்று நான் அவளிடம் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் என் மனைவி சத்தியபாய் சொல்லிவிடுவாள். பாறசாலையில் கார் உதிரிபாகம் விற்கும் கடை ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் நின்றாள் அந்தப் பெண். எனக்கு ஃபேன் பெல்ட் வேண்டும். "கடையில ஆம்பிளையொ ஆரும் இல்லியா?" என்று கேட்டேன்.

"உண்டு மாமா, உள்ள சாயா குடிக்கினும். அதுக்குள்ள வண்டிக்க வருசத்தச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். நான் கேட்ட அளவு தப்பு என்று சொல்லி வேறொன்றை எடுத்து வைத்தாள். வீட்டில் மாட்டிப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. நேசையனுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்?

லிஜாவின் சொந்த ஊர் அம்பூரி. அப்பா குட்டப்பன் ரப்பர் வெட்டுகிறவர். பத்தாவது முடித்ததும் தையல் படி, நர்ஸிங் படி என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்களாம். இவள் தனுவச்சபுரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வண்டி மெக்கானிக் வேலை படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்து வேலை கேட்டுப் போன ஒர்க்ஷாப்பிலெல்லாம், "போன் எடுத்துப் பேசுவியா?" என்றுதான் கேட்டார்கள். கடைசியில் கிடைத்தது அந்தக் கடைக் கவுண்டர். பெயின்ட் அடிக்கிற ஜினுவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஒற்றசேகரமங்கலத்துக்கு வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. கல்யாணச் சாமான்களோடு ஒரு டூல் பெட்டியும் வண்டியிலிருந்து இறங்கியது. ஊரே சிரித்தது. நான் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் சத்தியபாய்க்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாளெல்லாம் என்னை ஏசிக்கொண்டிருந்த வாயில், "வேண்டாம்", "தண்ணி" என்று ஒற்றை ஒற்றை வார்த்தைதான் மிச்சம். முதல் ஆறேழு மாதம் விடாமல் பயிற்சி செய்தால் கையும் பேச்சும் திரும்பலாம், விட்டுவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வாரம் இரண்டு நாள் நெய்யாற்றின்கரைக்குக் காரில் கூட்டிப் போனேன். பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிடுவேன். வளைவில் சாய்ந்தால் பிடித்துக்கொள்ள அவளுக்கு வலது கை இல்லையே.

நான்காவது வாரம் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். பின்னால் "டப்" என்று ஒரு சத்தம். பெல்ட்டின் கிளிப் விட்டுவிட்டது. சத்தியபாய் இரண்டு சீட்டுக்கும் நடுவில் குப்புற விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்கி எடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான், கர்த்தர் காத்தார். ஆனால் அதற்குப் பிறகு காரைப் பார்த்தாலே "வேண்டாம்" என்றாள். ஒரு தோர்த்துத் துண்டால் சீட்டோடு கட்டிக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தேன். ஆட்டைக் கட்டுவது போலக் கட்டுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, அழுதுவிட்டாள். இரண்டு வாரம் பயிற்சி இல்லை. விரல்கள் மறுபடியும் மடங்கத் தொடங்கின.

கார் செய்தவனைக் கோர்ட்டில் ஏற்றாமல் விடமாட்டேன் என்று முற்றத்தில் நின்று நான் கத்தியது மூன்று வீடு தள்ளியும் கேட்டிருக்கிறது. லிஜா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. காருக்குள் தலையை விட்டு பெல்ட்டைப் பிடித்து மடக்கினாள். ஒரு இடத்தில் அது காய்ந்த பனையோலை மாதிரி விறைத்து நின்றது. கிளிப்பை முகர்ந்து பார்த்தாள்.

"மாமா, இந்த சீட்டில என்னத்த வச்சிருந்திய?"

"எனக்க காரு, எனக்க சீட்டு. என்னத்தயும் வைப்பேன்!"

"வையுங்க. என்னத்தன்னு மட்டும் சொல்லுங்க."

சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்! எங்கள் பக்கத்தில் காரும் கொஞ்சம் ரப்பரும் உள்ள யாரும் செய்கிற காரியம்தான் அது. ஆசிட் கேனைப் பின்சீட்டில் வைத்து, மேட்டில் பள்ளத்தில் கவிழாமல் இருக்க பெல்ட்டைப் போட்டுவிடுவோம். ஒரு பக்கம் ஒரு கேன், மறுபக்கம் ஒரு கேன். எட்டு வருஷமாக மூடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து நாடாவையும் கிளிப்பையும் தின்றிருக்கிறது. பின்சீட்டில் மனுஷர் யாரும் அதுவரை பெல்ட் போட்டதில்லை. ஆசிட் கேனுக்குக் கொடுத்த மரியாதையைப் பெண்டாட்டிக்குக் கொடுக்க அவள் நோயில் விழ வேண்டியிருந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

"தையக்காரன்ட குடுத்து ஒரு பட்டைய வச்சுத் தச்சா போராதா?" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"போராது. பழைய வண்டியப் பொளிச்சு எடுத்த பெல்ட்டும் வேண்டாம். அது எந்த ஆக்சிடென்ட்ல இழுபட்டதுன்னு ஆருக்குத் தெரியும்? ரெண்டு பக்கமும் புதுசு மாத்தணும். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில ஆராதனை முடிஞ்சதும் வாறேன்."

சொன்னபடி கடையிலிருந்து வாங்கிய புது பெல்ட்டுகளும் டூல் பெட்டியுமாக வந்தாள். பின்சீட்டைத் தூக்கிக் கழற்றினாள். அடியில் போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இருந்தது. "சுத்தியலால ரெண்டு அடி குடு மக்கா" என்றேன். "மாமா, நிங்க போயி மாமிக்கப் பக்கத்தில இரியுங்க" என்றாள். எண்ணெய் அடித்துக் காத்திருந்து, பைய அசைத்து எடுத்தாள். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, உள்ளே பெல்ட் சுருண்டிருக்கும் ரீலையும் வெளியே எடுத்தாள்.

புது ரீலைக் கையில் வாங்கி நான் நாடாவை இழுத்துப் பார்த்தேன். வரவே இல்லை. "எனக்க அம்மோ! புது சாமானே கேடாக்கும்!" என்று குதித்தேன். லிஜா சிரித்தாள். ரீலை என் கையிலிருந்து வாங்கி நேராக நிமிர்த்திப் பிடித்தாள். நாடா வெண்ணெய் மாதிரி வந்தது. கொஞ்சம் சரித்தாள், நின்றுவிட்டது. "வண்டி சரிஞ்சா பிடிக்கணும்லா? அதுக்க படைப்பே அப்பிடியாக்கும்" என்றாள். போல்ட் எவ்வளவு இறுக வேண்டும் என்று காட்டுகிற ரெஞ்ச் ஒன்றை, பக்கத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ரதீஷிடம் இரவல் வாங்கி வந்திருந்தாள். அது "டிக்" என்று சொல்லும்வரை ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கினாள்.

வேலை முடிந்ததும் சத்தியபாயைப் பார்த்தேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இத்தனை பாடுபட்டு மாட்டியும் வேண்டாமா? வாயைத் திறப்பதற்குள் லிஜா காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். "மாமா, வண்டிய எடுங்க. அந்த இறக்கத்தில வச்சு ஓங்கி பிரேக்கு பிடியுங்க. மாமி பாக்கட்டு."

"பிடிச்சு இரி பிள்ளே."

"பிடிக்கப்பிடாது" என்று சொல்லி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டாள். வலது கையை மட்டும் விரல் மடங்கி, சத்தியபாயின் கை கிடப்பது போலவே தளர்த்திப் போட்டாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் மங்கிவிட்டது. வீட்டு முன்னால் உள்ள இறக்கத்தில் வேகமாக விட்டு பிரேக்கை மிதித்தேன். சரளைக்கல் தெறித்தது. பெல்ட் அவளைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கையைக்கூட அவள் தூக்கவில்லை. "இன்னொருக்க" என்றாள். மூன்று தடவை செய்தோம். இறங்கும்போது அவள் கழுத்தோரம் சிவந்து தடித்திருந்தது. பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யுமா என்று எனக்குத் தெரியாது.

சத்தியபாய் அந்தச் சிவப்பை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையை என் பக்கம் நீட்டினாள். "வாறேன்" என்றாள்.

மறுநாளே பயிற்சிக்குப் போனோம். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. மூன்றாவது வாரம், நெய்யாற்றின்கரைக்குக் கொஞ்சம் முன்னால், எனக்கு முன்னே போன பஸ் சட்டென்று நின்றது. நான் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் பார்க்கப் பயம். திரும்பிப் பார்த்தேன். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள், நெஞ்சின் குறுக்கே பெல்ட்.

"நிங்களுக்கு... கண்ணு தெரியாதா... மனுசா? ரோட்டப் பாத்து... ஓட்டுங்க!"

திக்கித் திக்கித்தான். ஆனாலும் முழுசாக வந்தது. ஓரமாக வண்டியை நிறுத்தினேன். ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். வெட்கம் என்ன வெட்கம்? பிறகு லிஜாவுக்கு போன் போட்டேன். கடையில் கூட்டம் போல, ஒரே சத்தம்.

"என்ன மாமா? பெல்ட்டு விட்டுதா?" என்று பதறினாள்.

"இல்ல மக்களே, பிடிச்சுது. மாமி என்ன ஏசினா. முழுசா ஏசினா. நீ நல்லா இருப்பே மக்களே, நீ நல்லா இருப்பே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னொருக்க ஏசச் சொல்லுங்க மாமா. நான் கேக்கட்டு."

போனைப் பின்சீட்டுப் பக்கம் நீட்டினேன். சத்தியபாய் மூச்சை இழுத்துக்கொண்டு, முதலிலிருந்து ஏசத் தொடங்கினாள்.