தொட்டிலில் ஒரு தேங்காய்

சேலைத் தொட்டில் என்றாலே நம் ஆட்களுக்கு முகம் இளகிவிடும். எனக்கு இளகாது. என் மகள் பிறந்து ஐம்பது நாள் இருக்கும். காரமடையில் என் அம்மா வீட்டில், ஒரு மத்தியான நேரத்தில் அவளைச் சேலைத் தொட்டிலிலிருந்து அள்ளியெடுத்தபோது முடிவு செய்தேன், இனி இவள் துணிக்குள் தூங்க மாட்டாள் என்று. அந்த முடிவுக்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிடிவாதக்காரி என்ற பெயர் அதற்கு முன்பே உண்டு.

நடந்தது இதுதான். அம்மாவின் பழைய பருத்திச் சேலையை விட்டத்தில் கட்டி, பால் குடித்த குழந்தையை அதில் போட்டிருந்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு விடும் சத்தம் எனக்குப் பழகியிருந்தது. அது திடீரென்று மாறியது, பிறகு கேட்கவில்லை. சேலையை விரித்துப் பார்த்தால் குழந்தை அடியில் சரிந்து சுருண்டு கிடந்தாள். மோவாய் நெஞ்சில் அழுந்தியிருந்தது. ஒரு பக்கத்துத் துணி மூக்கை மூடியிருந்தது. தூக்கி நிமிர்த்தியதும் ஒரு நொடி சத்தமே இல்லை, அப்புறம் வீறிட்டாள். அந்த அழுகையைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது போல நான் வேறெதற்கும் சந்தோஷப்பட்டதில்லை. அவளை அணைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல கண்ணு. எதுக்கு இப்பிடி வெசனப்படறே? நீயும் உன்ற அண்ணனும் இதே மாதிரி தொட்டியில கெடந்துதான் வளந்தீங்க."

"வளந்தவங்கதாம்மா வந்து சொல்ல முடியும்" என்றேன்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் மாதம் குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது தாய்மாமன் தொட்டில் சீர் கொண்டுவருவது எங்கள் வழக்கம். அண்ணன் கடைசல் மரத்தொட்டில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். சங்கிலியில் தொங்குவது, உள்ளே துணிதான். எனக்கு அது வேண்டாம், அதற்குப் பதிலாகச் சென்னிமலைப் போர்வை இரண்டு வாங்கிக் கொடு என்றேன். தாய்மாமன் போர்வை கொடுத்து அனுப்பினான் என்று ஊர் சிரிக்கும் என்று அவன் குதித்தான். நான் அசையவில்லை. போர்வை வந்தது. பத்து நாள் அவன் என்னோடு பேசவில்லை.

கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள், ஆறுக்கும் பொதுவாக ஒரு குழாய். என் கணவர் மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் லேத் ஓட்டினார், வெல்டிங்கும் தெரியும். எங்களோடு இருந்தவர் என் மாமியார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நான் போய்ச் சேரும் முன்பே அத்தை தொட்டில் கட்ட விட்டத்தில் கயிறு மாட்டி, இலவம்பஞ்சில் குட்டி மெத்தை தைத்து, கடுகு போட்டு ஒரு தலையணையும் செய்து வைத்திருந்தார். அத்தனையும் ஆசையாகச் செய்தது. அத்தனையும் வேண்டாம் என்றேன்.

"மெத்து மெத்துன்னு இருந்தாத்தான புள்ள தூங்கும், அம்மணி?"

நான் மெத்தையில் கையை வைத்து அழுத்திக் காட்டினேன். மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிற்று. "இதுல இவ கவுந்து படுத்தா மூக்கு எங்கீங்க போவும், அத்தை?"

அத்தை மெத்தையைச் சுருட்டிப் பரணில் போட்டார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் என்னிடம் பேசவேண்டியதையெல்லாம் அடுப்பிடம் பேசினார். "படிச்ச மருமக. நம்ம சொன்னா ஆகாது" என்று அடுப்புக்குச் சொன்னார். நான் பி.காம். அந்தப் படிப்பில் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் அந்தப் பழியை மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். பயந்துபோனவள் என்று நினைப்பதைவிடப் படித்தவள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

என் ஏற்பாடு எளிமையானது. தரையில் கோரைப்பாய், அதன்மேல் நான்காக மடித்த சென்னிமலைப் போர்வை, சுருக்கம் இல்லாமல் இழுத்து ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகியது. குழந்தை மல்லாந்து படுப்பாள். தலையணை, பொம்மை, பழந்துணி எதுவும் அவள் பக்கத்தில் வரக்கூடாது. மேலே குடைக் கொசுவலை. அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்குவாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிற பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை.

அத்தைக்கு இதில் வருத்தம் வேறு மாதிரி. குழந்தை பார்க்க வருகிற ஒறம்பரை, அதாவது சொந்தபந்தமெல்லாம், உள்ளே நுழைந்ததும் முதலில் விட்டத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் தரையைப் பார்ப்பார்கள். "ஏனுங்க, புள்ளையத் தரையில போட்டிருக்கறீங்க? ஊட்டுல தொட்டி இல்லீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். எங்கள் ஊரில் குத்துவதும் மரியாதையாகத்தான் குத்துவார்கள். அத்தை காப்பி போடுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார். அவர் தலை குனிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஐந்தாம் மாதம் தரையே என்னைக் கைவிட்டது. முதலில் கட்டெறும்பு. குழந்தையின் தொடையில் கடித்து, அந்த இடம் சிவந்து வீங்கிவிட்டது. அடுத்த வாரம் அவள் குப்புற விழப் பழகி, உருண்டு, பாயைத் தாண்டி எங்கள் கட்டிலுக்கு அடியில் போய்க் கிடந்தாள்.

"இப்பவாச்சும் தொட்டி கட்டலாமில்ல?" என்றார் அத்தை. அவர் குரலில் ஜெயித்த சந்தோஷம் இருந்தது.

"இல்லீங்க அத்தை. பலகை போட்டு, நாலு பக்கமும் கம்பி வெச்ச கட்டில் வேணும்" என்றேன். நான் கேட்டது அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மட்டும் பார்த்த பொருள்.

என் கணவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நானே செஞ்சுபோடறேன்" என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அந்த வேலை நடந்தது. லீவு நாளென்றும் பார்க்காமல் கூட வேலை செய்கிறவர்களும் வந்து ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். நான்காம் ஞாயிறு காலை ஒரு தள்ளுவண்டியில் அது வந்து இறங்கியது. பம்புக்கு அடிக்கிற அதே பச்சை பெயிண்ட். இரண்டு பேர் பிடித்துத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. லேத் மெஷினுக்குக் கம்பி கட்டியது போல இருந்தது. நாலு பக்கமும் கம்பி, அடியில் பலகை, எல்லாம் நான் கேட்டபடிதான். ஆனால் காலில் நிற்பதற்குப் பதிலாக அது இரண்டு தூண்களுக்கு நடுவில் தொங்கியது.

"ஆடற மாதிரி கேக்கலையேங்க நானு" என்றேன்.

"அம்மாவுக்கும் ஒரு மனசு இருக்குதில்ல. ரெண்டு பக்கமும் பேரிங் போட்டிருக்கறேன் பாரு" என்றார். கோயமுத்தூர்க்காரர் கையில் எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு பேரிங் வைக்காமல் விடமாட்டார்.

நான் சோதித்தேன். பலகையைக் கையால் அழுத்தினேன், அமுங்கவில்லை. மூலைகளைத் தடவினேன், எல்லாவற்றையும் அரத்தால் மழுக்கியிருந்தார். தூண்களைப் பிடித்து உலுக்கினேன், ஆடவில்லை. பெயிண்டை நகத்தால் சுரண்டி, காய்ந்திருக்கிறதா என்று முகர்ந்தும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மனசு நிறைந்து போர்வையை விரித்தேன். குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் கண் செருக ஆரம்பித்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அவளை அதில் போட்டிருப்பேன்.

"சித்த இரு, எத்தன நேரம் ஆடுதுன்னு பாத்தர்லாம்" என்று என் கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிலை ஒரு தள்ளு தள்ளினார். அது ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டுவோமே, அதை நாங்கள் தூரி என்போம். "இது தொட்டியாங்க, தூரியாங்க?" என்று கேட்டேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சமையற்கட்டிலிருந்து அத்தை கத்தினார். "டேய், வெறுந்தொட்டிய ஆட்டாதடா! புள்ளைக்கு வவுத்து வலி வரும்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்காமல் சிரித்தேன். "அத்தை, பாப்பா இங்க என்ற மடியில இருக்கறா. அங்க அது ஆடுனா இவ வவுறு எப்பிடீங்க வலிக்கும்?"

அத்தை சட்னிக்கு எடுத்து வைத்திருந்த உரித்த தேங்காயைக் கொண்டுவந்து தொட்டிலின் நடுவில் வைத்தார். "இப்ப ஆட்டிக்க. வெறுந்தொட்டியா மட்டும் ஆட்டக் கூடாது" என்றார்.

என் கணவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். தேங்காய் இந்தப் பக்கம் உருண்டது, அந்தப் பக்கம் உருண்டது. மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் எங்கும் இடிக்காமல் வெளியே போய் சிமெண்ட் தரையில் விழுந்து உடைந்தது. தண்ணீர் என் கால் வரைக்கும் ஓடிவந்தது.

தொட்டில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. என் கணவர்தான் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார்.

நான் மடியில் இருந்த தலையைப் பார்த்தேன். அதை என் உள்ளங்கையால் அளந்து, எழுந்து போய் அதே கையைக் கம்பிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். தலை கொஞ்சம் பெரிது, போகாது. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கால் போகும், இடுப்பு போகும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

"ஜன்னல் கிரில் அளவுக்கு வெச்சுட்டேன்" என்றார் என் கணவர். "வெளிய இருக்கறவன் உள்ள வராம இருக்கத்தான் எனக்கு அளவு தெரியும் அம்மணி. உள்ள இருக்கறது வெளிய போகும்னு நெனைக்கவே இல்ல."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பலகையை அழுத்தி, மூலையைத் தடவி, பெயிண்டை முகர்ந்தவள் நான். கம்பி இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன், கம்பிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சேலைக்கும் மெத்தைக்கும் அத்தனை பேரோடு சண்டை போட்டவள், என் கையாலேயே அவளை அதில் படுக்க வைக்க இருந்தேன்.

அத்தை குனிந்து தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கினார். நிமிர்ந்து மகனிடம் சொன்னார். "இதத் தூக்கிட்டுப் போ சாமி. கம்பிய நெருக்கமா வெச்சுட்டு வா. அந்த ஆட்டற சமாச்சாரத்தையும் அடைச்சுபோட்டு வா. நம்மளுக்குத் தூரி வேண்டாம்."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு தொட்டில் திரும்பி வந்தது. ஒவ்வொரு இரண்டு கம்பிக்கும் நடுவில் இன்னொரு கம்பி, பேரிங் இருந்த இடத்தில் அசையாதபடி வெல்டிங். அத்தை தயாராக இருந்தார். கையில் ஒரு சாத்துக்குடி. நாலு பக்கமும் ஒரு இடைவெளி விடாமல் வைத்து அழுத்திப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை. அது போதாதென்று எலுமிச்சம்பழம் எடுத்துவந்தார். அது நுழைந்தது. "அம்மா, அதுக்கும் அடைச்சா அப்பறம் பெட்டியாத்தான் ஆவும். புள்ளைக்குக் காத்து வேண்டாமா?" என்று மகன் கெஞ்சிய பிறகுதான் விட்டார். நான் அவருக்குப் பின்னாலேயே போய் எல்லாக் கம்பிகளையும் இன்னொரு முறை பார்த்தேன். அன்று மத்தியானம் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தோம். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கினாள். அத்தை முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பொழுது சாய்ந்ததும் ஒறம்பரை ஒருவர் வந்தார். வழக்கம்போலத் தொட்டிலை ஆட்டக் கை நீட்டினார். அசையவில்லை. "ஏனுங்க, தொட்டி ஆடலையே?"

இந்த முறை அத்தை காப்பி போட எழுந்து போகவில்லை. "ஆடாதுங்க" என்றார். "எங்கூட்டுத் தொட்டி ஆடறதில்லீங்க."

என் பிடிவாதம் ஜெயித்த கதையாகத்தான் இதை வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. துணியிலிருந்து அவளைக் காப்பாற்றியது என் பிடிவாதம். கம்பியிலிருந்து காப்பாற்றியது, எதைக் கேட்டு நான் சிரித்தேனோ, அத்தையின் அந்தப் பயம். இதை அத்தை இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த விஷயத்திலும் பிடிவாதக்காரியாகவே இருந்துவிட்டேன்.

போன வருடம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்கு இருவரும் தொட்டில் பார்க்கப் போனோம். கடைக்காரர் ஒன்றைக் காட்டி, "சத்தமே வராதுங்க, பாருங்க" என்று ஆட்டப் போனார். நான் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெறுந்தொட்டிய ஆட்டாதீங்க. புள்ளைக்கு வவுத்து வலி வரும்."

என் மகள் அடக்காமல் சிரித்தாள். நான் கைப்பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த சாத்துக்குடியை எடுத்தேன். முதல் கம்பியிலிருந்து ஆரம்பித்தேன்.