பாக்குவெட்டியும் கியூபா சுருட்டும்

எங்கள் வீட்டில் சுருட்டு பிடிக்கும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் முனீஸ்வரன். ஆந்திராவில் புத்தூருக்கு வெளியே எங்கள் மாந்தோப்பின் மூலையில், வேப்ப மரத்தடியில், இடுப்பு உயரக் கருங்கல்லாக நிற்பவர். படையல் நாளில் அவருக்குக் கோழிக்குழம்பு, ஒரு குவார்ட்டர், இரண்டு சுருட்டு. மற்றபடி மனிதர் யாராவது கடையில் போய் சுருட்டு கேட்டால், "இன்னா, படையலா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வெற்றிலை பாக்கு உண்டு. புகை என்றால் ஆகாது.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், எனக்குச் சிகார் பிடிக்க நன்றாகத் தெரியும் என்று என் முதலாளியிடம் கைதூக்கிப் பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம், அது உங்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் ஆள் மாற்றி ஆள் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, குவைத்தில் டிரைவர். எதிர் வீட்டுப் பையன் சிங்கப்பூர். நான் அதிகபட்சமாகப் போனது அரக்கோணம். ரேணிகுண்டாவில் ஒரு கிரானைட் பாலிஷ் கம்பெனியில் கப்பலேறும் கல்லுக்கெல்லாம் பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பது என் வேலை. "கல்லெல்லாம் கப்பல் ஏறிக்கினு இத்தாலி போவுது, நீங்க பஸ் ஏறி வூட்டுக்கு வர்றீங்க" என்பாள் மனைவி. அதைச் சொல்லாமல் அவள் எனக்குச் சோறு போட்டதாக ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் எக்ஸ்போர்ட் மேனேஜர் வேலையை விட்டுவிட்டு துபாய்க்குப் போனார். ஜன்னல் ஓரத்து நாற்காலி காலியானது. அதில் உட்காருகிறவர் வருஷத்துக்கு ஒரு முறை இத்தாலியில் நடக்கும் கல் சந்தைக்கு விமானத்தில் போவார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். அவ்வளவுதான் விஷயம், ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலாளி சனிக்கிழமை தவறாமல் திருமலைக்கு நடந்தே ஏறுகிறவர். பீடிப் புகை ஜன்னல் வழியாக வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார். அவருடைய கவலை, வருஷத்துக்கு இரண்டு முறை எங்களிடம் கல் எடுக்க வரும் இத்தாலிக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரோடு உட்கார்ந்து சிகார் பிடித்தால்தான் ஆர்டர் முடிவாகும் என்று பழைய மேனேஜர் முதலாளியை நம்ப வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் எங்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, "மீலோ எவரு சிகார் தாகுதாரு?" என்று கேட்டார். உங்களில் யார் சிகார் குடிப்பீர்கள் என்று, ஏதோ திருட்டை விசாரிக்கிற குரலில். எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே பழைய மேனேஜர் விட்டுப்போன மரப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். உள்ளே கியூபா சிகார் எட்டு, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். "நாலு வாரத்துல அவரு வராரு. ஞாயிறு லோடிங்குக்கு வரவேணாம். நல்லா பிராக்டீஸ் பண்ணு" என்றார். மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். கெட்ட பழக்கத்துக்கு வாரவிடுமுறை வாங்கியவன் எங்கள் மண்டலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மனைவியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெட்டியை மோந்து பார்த்தாள். "வாந்தி எடுத்தாலும் பரவால்ல, கத்துக்குங்க" என்றாள். காய்ந்துபோனால் சுருட்டு கெட்டுவிடும் என்று பழைய மேனேஜர் துபாயிலிருந்து போனில் சொல்லியிருந்தார். அவள் வெற்றிலையைச் சுற்றி வைப்பதுபோல எல்லாவற்றையும் ஈரத்துணியில் சுற்றி, மண்பானைக்குப் பின்னால் செருகி வைத்தாள். கியூபாக்காரன்கூட அவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டான்.

இடம் தேர்ந்தெடுத்ததுதான் என் மூளை. தோப்பில் பம்பு செட்டுக்குப் பின்னால், நேரம் உச்சிப்பொழுது. உச்சியில் முனி நடமாடுவார் என்று அந்தப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள். இதை யோசித்துக் கண்டுபிடித்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன். நுனியை வெட்ட ஒரு கருவி வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நைனா சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து, அவர் சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு. பாக்குவெட்டி ஒரே கடியில் கால்வாசிச் சிகாரைத் தின்றுவிட்டது. மேல் இலை பிரிந்து கையில் சருகாக நின்றது. இரண்டாவதை ஒழுங்காக வெட்டிப் பற்றவைத்து, மார்பு நிறைய இழுத்தேன். புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயோடு நிறுத்தி விட்டுவிட வேண்டும் என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமரங்கள் ஒரு சுற்று சுற்றின. காலையில் சாப்பிட்ட கேழ்வரகுக் களி வெளியே வந்தது. வீட்டுக்குப் போனதும், "துன்னது இன்னா, செரிக்கலியா?" என்று நைனா கேட்டார். வெயில் என்றேன். பாக்குவெட்டியைத் துடைத்து, பையில் திருப்பி வைத்துவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு தயிர்சோறு சாப்பிட்டுவிட்டுப் போனேன். இந்த முறை வாயோடு நிறுத்தினேன். சாம்பலைத் தட்டக் கூடாது, நிற்கிறவரை நிற்க விடணும் என்பதும் பாடம். விட்டேன். அது விரலளவு வளர்ந்து, மடியில் விழுந்து, என் நல்ல லுங்கியில் ஓட்டை போட்டது. அதைவிடப் பெரிய தொல்லை ருசி. காப்பி, தோல், தேவதாரு மரம், இந்த மூன்றும் அதில் தெரியும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். காப்பி தெரியும். தேவதாருவுக்கு நான் எங்கே போவேன்? தோலுக்காக என் செருப்பை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மோர் கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் சொம்பை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்றாவது ஞாயிறு, பாதி சிகாரில், அது வந்தது. காப்பியும் இல்லை, செருப்பும் இல்லை. வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் அடி லேசாகக் கருகும்போது வருமே, அந்த வாசனை. கரும்பு ஆடும் பருவம் என்பதால் பக்கத்து ஆலையிலிருந்து வருகிறதோ என்று எழுந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். காற்றே இல்லை. மறுபடி ஒரு இழுப்பு. கருகிய வெல்லம், அதன் பின்னால் மழையில் நனைந்த புதுக் கோணிச் சாக்கு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலி, இத்தாலி எல்லாம் மறந்து, அந்தச் சிகாரைச் சிகாருக்காகவே விரல் சுடும்வரை பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நாலு பேர் கூடியிருந்தார்கள். பக்கத்துக் கொல்லைக்குச் சோறு கொண்டுபோன அம்மாள் ஒருத்தி நைனாவிடம் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மட்ட மத்தியானம், கண்ணுக்கெட்டின வரைக்கும் ஆளு இல்ல. சுருட்டு வாசன மட்டும் கமகமன்னு வந்துக்கினே கீது. நம்மூரு சுருட்டு மாறி நாத்தமே இல்ல. மூணு வாரமா இதே கததான். முனி நடமாடுறாரு, பெரியவரே!"

நைனா கொஞ்ச நேரம் பாக்கு மென்றார். "படையல் போட்டு மூணு வருசம் ஆவுது. கேக்குறாரு போல" என்றார். அடுத்த ஞாயிறு படையல் என்று அங்கேயே முடிவானது. ஊரார் முனி என்று நம்பியது என்னைத்தான் என்று எப்படிச் சொல்வது? அதைவிட, புகை ஆகாத நைனா முன்னால் நான் சுருட்டு பிடிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? இத்தாலிக்காரர் வருவது படையலுக்கு மறுநாள், திங்கட்கிழமை. மிச்சம் நாலு சிகார் இருந்தது. அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

படையலுக்குப் பூசாரி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பஸ் டிப்போவில் மெக்கானிக். தோப்புக்கு அடுத்தாற்போல அவன் வீடு என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். உடுக்கை அடித்ததும் அவன்மேல் முனி வந்து இறங்கினார். கடைச் சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். ஒரு இழுப்பு இழுத்துத் தூ என்று துப்பினான். "இன்னாடா இது! போன வாரம் குடுத்தியே, அது எங்கடா?"

கூட்டம் நடுங்கியது. நைனா வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி விறுவிறுவென்று வீட்டுக்குப் போய், ஈரத்துணி மூட்டையோடு வந்தாள். "கம்பெனில குடுத்தாங்க சாமி. உனக்குன்னுதான் எடுத்து வச்சிருந்தோம். இதுவான்னு பாரு" என்றாள். கண்ணிமைக்காமல் பொய் சொல்வதில் எங்கள் குடும்பத்தில் நான் இரண்டாவது ஆள்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பூசாரி நுனியைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, நான் முதல் ஞாயிறு செய்த அதே தப்பைச் செய்தான். இரண்டு இழுப்பு, நெஞ்சு நிறைய. கண் சொருகியது. வழக்கமாக ஒரு மணி நேரம் ஆடி, மூன்று குடம் தண்ணீர் ஊற்றினால்தான் போகிற முனி, இரண்டே நிமிஷத்தில் மலையேறிவிட்டார். பூசாரிக்கு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துத் திண்டாடினோம். மிச்சம் மூன்றையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன். "முனிக்குன்னு காட்னது முனிக்குத்தான்" என்று நைனா சொல்லிவிட்டார். மூன்றையும் கல்லுக்கு முன்னால் ஊதுபத்தி போலச் செருகிப் பற்றவைத்தார்கள். என் நாற்காலி புகைந்து போவதைக் கைகூப்பி நின்று பார்த்தேன். கருகிய வெல்ல வாசனை மட்டும் அற்புதமாக வந்தது.

திங்கட்கிழமை திருப்பதியில் ஒரு ஓட்டல் தோட்டத்தில் மதியச் சாப்பாடு. முதலாளி புகைக்குப் பயந்து சாப்பிட்டதும் எழுந்து போய்விட்டார். நானும் இத்தாலிக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். தொந்தியும் தாடியுமாக அறுபது வயது மனிதர். காப்பி வந்தது, ஆறியது. அவர் தன் சட்டைப்பையிலிருந்து சிகார் எடுப்பார் என்று நான் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்தார். பத்து நிமிஷம் இப்படியே போயிற்று. கடைசியில் பொறுக்க முடியாமல், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொய் சொன்னது, வாந்தி, செருப்பு, முனி, மிச்சம் நாலு சிகாரும் சாமிக்குப் போனது எல்லாம்.

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொல்லி அவர் சிகாரை விட்டு ஆறு வருஷம் ஆகிறதாம். பழைய மேனேஜர் ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து நீட்டியதால், மறுத்தால் மரியாதை இல்லை, இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாராம். ஆக, அந்த மேஜையில் சிகார் நிஜமாகவே பிடித்துப்போயிருந்தது எனக்கு ஒருவனுக்குத்தான்.

"உங்கள் சாமியைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். கம்பெனி காரிலேயே புத்தூருக்குக் கூட்டிப்போனேன். நைனா சொன்னபடி ஷூவைக் கழற்றினார். முனியை நாலு பக்கமும் சுற்றி வந்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்லின் தலையிலிருந்து மெதுவாக ஊற்றி, எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரம் காய்வதைக் கண்கொட்டாமல் பார்த்தார். குவாரியில் ஒவ்வொரு கல்லுக்கும் அப்படித்தான் செய்வார். மயிரிழைக் கீறல் இருந்தால் அந்த இடம் மட்டும் காயாமல் காட்டிக்கொடுக்கும். நைனாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "அபிசேகம் பண்றாருடா!" என்று கைகூப்பிவிட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஒரு கீறல்கூட இல்லை. முதல் தரம்" என்றார் இத்தாலிக்காரர்.

"இன்னா சொல்றாரு?" என்றார் நைனா.

"முனி சக்தி உள்ளவருன்றாரு" என்றேன்.

நைனா அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். அந்த நெற்றியோடேயே அவர் ரேணிகுண்டாவுக்கு வந்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். இனிமேல் இவரே தன்னோடு பேசட்டும், ஆனால் சிகார் வேண்டாம் என்று என்னைக் காட்டி முதலாளியிடம் சொன்னார். சிகார் இல்லை என்றதும் முதலாளிக்கு அப்படி ஒரு நிம்மதி. நாற்காலி எனக்கு வந்தது.

இத்தாலிக்குப் புறப்பட்ட நாள், புத்தூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். மனைவி மூட்டைகளை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தாள். நைனா துண்டில் சுற்றிய எதையோ என் கையில் வைத்தார். பிரித்தால் பாக்குவெட்டி.

"இது எதுக்கு நைனா?"

"அங்க இன்னாத்த வச்சி வெட்டுவ?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மொத ஞாயித்துக்கெழமையே தெரியும். பாக்கு வாயில போட்டா பொகயில காரம். முனி இன்னா, எம் பாக்குவெட்டிய எடுத்துக்கினு போயா சுருட்டு வெட்டுவாரு?"

"அப்புறம் எதுக்கு படையலு?"

"மூணு வருசமா ஞாயித்துக்கெழமையும் கம்பெனின்னு ஓடன. லீவு கெடச்ச மூணு ஞாயிறும் பம்பு செட்டு பின்னால போய் குந்திக்கின. வேற எப்பிடிடா உன்ன ஒரு நாளு எங்கூட உக்கார வைக்கிறது? இனிமே ஏரோப்ளேன் வேற." வண்டி வரும் சத்தம் கேட்டது. "என் எதுர்ல மட்டும் புடிக்காத" என்று சொல்லிவிட்டு என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வண்டி நகர்ந்த பிறகு பாக்குவெட்டியை மோந்து பார்த்தேன். அவ்வளவு துடைத்தும் அந்த வாசனை போகவில்லை. இத்தாலியில் பத்து நாள் இருந்தேன். அந்தப் பத்து நாளும் நைனா எதை வைத்துப் பாக்கு வெட்டினார் என்று திரும்பி வந்தும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.